வெளிப்பக்கம் திறக்கும் கதவு

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுத்தான் தொடங்கினேன். என் மனைவி றமீஸா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கத எழுதுறதுக்கெல்லாம் அவன்ட பேர இழுக்க வாணாம், செல்லிட்டேன்" என்றாள். ஆகவே சத்தியத்தை இடம் மாற்றுகிறேன். முப்பத்தாறு வருடம் பிளான் வரையப் பயன்பட்ட என் முக்கோண அளவுகோலின் மேல் சத்தியம். அதில் ஆறு அளவுகள் உண்டு. இந்தக் கதை நூறுக்கு ஒன்று என்ற அளவில் உண்மை.

என் பெயர் முஹைதீன். வயது எழுபத்திரண்டு. கண்டி நகரத்துக் கட்டடங்களில் வெளிப்புறமாக ஏறுவது என் பழக்கம்.

(மேலே உள்ள வசனத்தை மூன்று நாளாக எழுதி எழுதி வெட்டினேன். முதல் பிரதியில் "பொழுதுபோக்கு" என்றிருந்தது. இரண்டாவதில் "ஆராய்ச்சி". "பழக்கம்" என்றால் வெற்றிலை மாதிரி. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.)

2

தொடக்கம் ஒன்று: "கண்டியின் கட்டடக்கலை மூன்று ஆட்சிகளின் சங்கமமாகத் திகழ்ந்து, காலத்தின்..."

வேண்டாம். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் நான் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

தொடக்கம் இரண்டு: "அன்று போயா. வாவியின் மேல் முழு நிலவு தன் வெள்ளிக்..."

போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, என்பது மெய். ஆனால் நான் ஏறியது காலை பத்து மணிக்கு. நிலவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தொடக்கம் மூன்று, இதுதான் நேர்மையானது: இந்தக் கதை ஒரு சஞ்சிகைக்காரரால் பிறந்தது. "கண்டிக் கட்டடங்களைப் பற்றி இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை தாருங்கள், நீங்கள்தான் பழைய ட்ராஃப்ட்ஸ்மன் ஆயிற்றே" என்று தொலைபேசியில் கேட்டார். கையால் தொட்ட கட்டடத்தைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு யோசித்துப் பார்த்தால், நான் கையால் தொட்ட கட்டடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கடதாசியில்தான் தொட்டிருக்கிறேன். அதனால் ஏறத் தொடங்கினேன்.

(நேர்மையானது என்று சொன்னேன். அது கொஞ்சம் அவசரம். ஆறாவது பகுதியில் திருத்துவேன்.)

3

கட்டுரைப் பகுதி. அவசரமுள்ளவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் பிறகு யன்னலுக்கு அடியில் வரும் பள்ளம் விளங்காது.

ஒரு கட்டடத்தை எல்லோரும் வாசலில் நின்றுதான் பார்க்கிறார்கள். கட்டியவனும் அதைத்தான் விரும்புகிறான். பூச்செல்லாம் முகப்புக்கு, அலங்காரமெல்லாம் தூணுக்கு. சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு தொங்கும்போதுதான் மற்றவை தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் காலை ஒன்பது மணிக்கே உள்ளங்கைக்கு இதமாக இருக்கும். சீமெந்துச் சுவர் மதியம் வரை உம்மென்று இருக்கும். வெள்ளைக்காரன் கட்டிய யன்னல் விளிம்பு மழைநீர் வழியட்டும் என்று வெளிப்பக்கம் சரிந்திருக்கும்; கால் வைத்தால் நீங்களும் வழிவீர்கள். எழுபதுகளில் கட்டியவை பூச்சட்டி வைக்கத் தோதாகத் தட்டையாக இருக்கும். அவற்றில் உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கலாம். வாசித்திருக்கிறேன், விளையாட்டுப் பக்கம் உட்பட. இப்போது கட்டுபவை கண்ணாடி. கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை. வழுக்கிவிட்டது.

முகப்பில் பூசிய வர்ணம் மூலை திரும்பியதும் ஓரடியில் நின்றுவிடும். கண்டியக் கூரை என்று எல்லோரும் படம் பிடிக்கும் கூரையின் மேல் ஏறிப் பாருங்கள்: தெருப் பக்கம் ஓடு, பின்பக்கம் தகரம். அப்படிக் கூரை வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

4

கண்டிக் குரங்குகளுக்கும் கட்டடக்கலை தெரியும். மழைநீர் இறங்கும் எந்தப் பீலிக்குழாய் பாரம் தாங்கும், எந்தக் கூரைத் தகரம் இற்றுப்போய்விட்டது என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. குரங்கு பிடிக்காத குழாயை நானும் பிடிப்பதில்லை. காது கிழிந்த ஒரு கிழட்டுக் குரங்கு, நான் இரண்டாம் மாடி விளிம்புக்கு வந்ததைக் கண்டு, எழுந்து இடம் விட்டது. இந்த நகரத்தில் எனக்காக எழுந்த கடைசி ஆள் அதுதான். பஸ்ஸில் யாரும் எழுவதில்லை.

பொலிஸ் பிடிக்காதா என்று கேட்பீர்கள். இடுப்பில் ஒரு ஸ்குரூ டிரைவரும் தோளில் ஒரு சுருள் வயரும் இருந்தால், சுவரில் தொங்குபவன் ஏசி திருத்துபவன். அவ்வளவுதான். ஒரு தடவை மூன்றாம் மாடிச் சட்டத்தரணி அலுவலகத்தின் யன்னல் திறந்தது. துஷ்யந்தி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை தலையை நீட்டி, "அய்யா, எங்கட ஏசியும் தண்ணி ஒழுகுது. ஒருக்காப் பாப்பீங்களோ?" என்றாள்.

பார்த்தேன். "ஒழுகுது" என்றேன்.

"ஓம், அதைத்தானே நானும் சொன்னனான்."

"நீங்க செல்லுறது சரி" என்றேன். மகிழ்ச்சியில் பாலில்லாமல் ஒரு பிளேன்டீ நீட்டினாள். முப்பது அடி உயரத்தில் பிளேன்டீ குடித்தவன் இந்த நகரத்தில் நான் ஒருவன்தான்.*

* இந்த இடத்தை வாசித்துவிட்டு றமீஸா, "குளியலறப் படில ஏற என்ட கையப் புடிக்கிற மனிசன்" என்றாள். வாசகர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம். குளியலறைப் படி ஈரமாக இருக்கும்.

5

இனிக் கதை.

மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கையில் அரூஸ் பில்டிங் என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாடி, கீழே புடைவைக் கடை. மூன்றாம் மாடியில், ஹந்தானை மலையைப் பார்த்தபடி, ஒரு பச்சைக் கதவு. அதற்கு வெளியே பல்கனி இல்லை, படி இல்லை, கைப்பிடி இல்லை. திறந்து காலை வைத்தால் முப்பது அடிக்குக் கீழே ஒழுங்கை. சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். சீதனம் கேட்டு வருபவனை வழியனுப்பும் கதவு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

அதைக் கட்டியவன் லெட்சுமணன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்த மேசன். 1986இல் கண்டியில் பிளானை விரித்து வைத்துத் தானே வாசிக்கத் தெரிந்த மேசன்மார் ஐந்து பேர் இருந்தால், அவன் அதில் ஒருவன். தூக்குக்குண்டை விட அவன் கண் நேர் என்பார்கள். அந்தக் கதவுக்குப் பிறகு அவனுக்கு ஒரு பெயர் வந்தது: அஹஸ் பாஸ். சிங்களத்தில் அஹஸ் என்றால் ஆகாயம். பாஸ் என்றால் மேசன், தச்சன் போன்ற கைவேலைக்காரன். ஆகாயத்துக்குக் கதவு வைத்தவன். அந்தப் பெயர் வந்த பிறகு நகரத்தில் யாரும் அவன் கையில் பிளான் கொடுக்கவில்லை. ஹந்தானைக்கே திரும்பிப் போய், லயத்துச் சுவர்களுக்கு ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டினான்.

6

லெட்சுமணனை எழுத எனக்கு வரவில்லை.

முதல் பிரதியில் அவனை அழவைத்தேன். இரண்டாவதில் சிரிக்கவைத்தேன், ஏழைகள் கதைகளில் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள், எழுதுபவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவன் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அவன் ஒரு கேள்வி கேட்டான். அதை எழுதாமல்தான் ஐந்து பகுதிகளை ஓட்டினேன்.

சரி. திருத்துகிறேன் என்று சொன்னேன் அல்லவா?

சஞ்சிகைக்காரர் தொலைபேசி எடுத்தது மெய். ஆனால் இந்தக் கதை அவரால் பிறக்கவில்லை. போன மாதம் ஒரு கீல் வாங்க பிலிமத்தலாவைக்குப் போனேன். கடையில் இருந்த இளைஞன் ஒருவன், கோணலாக வந்த ஓர் அலுமாரியைக் காட்டி, "இது அஹஸ் பாஸ் வேல" என்றான். லெட்சுமணனை அவனுக்குத் தெரியாது. அப்படி ஒரு மனிதன் இருக்கிறான் என்பதே தெரியாது. பிழையாகச் செய்த எந்த வேலைக்கும் அந்தப் பக்கத்தில் இப்போது அதுதான் பெயராம். நான் கீலை வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தப் பிளானை வரைந்தவன் நான்.

நான் வேலை செய்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அன்று யன்னல் வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் போட வேண்டும். பேனையைத் திறந்தபோது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் ஒரு கால்வட்டம் போட்டேன். பிளானில் கால்வட்டம் என்றால் கதவு. வட்டம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும். நான் வெளிப்பக்கம் வளைத்திருந்தேன். அன்று வாழைக்காய்க் கறி. பிறகு மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் முந்தியவரை நம்பி வைத்தார்கள். சீல் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து லெட்சுமணன் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, ஒரு சந்தேகம். மூணாவது மாடியில இந்தக் கதவு. வெளிய ஒண்ணையும் காணோமே? பல்கனி ஷீட்டு ஏதும் விட்டுப்போச்சுங்களா?"

எனக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. பக்கத்து மேசையில் அலுவலகத்துப் பெரியவர் இருந்தார்.

"பிளான்ல ஈக்கிற மாதிரி கட்டு" என்றேன். "சீல் விழுந்தது. மாத்தினா கடைசில சேர்ட்டிபிகட் கெடக்காது."

அது பொய்யில்லை. எங்கள் தொழிலில் கட்டடம் கடதாசிக்குக் கட்டுப்பட்டது. ஒரு யன்னல் மாறினாலும் கடைசிச் சான்றிதழ் நின்றுவிடும். எனவே அவன் கட்டினான். சான்றிதழுக்காகப் பார்க்க வந்த அதிகாரிகளும் பிளானை விரித்து, மேலே அண்ணாந்து, கதவு இருக்கிறது என்று சரி போட்டுக்கொண்டு போனார்கள்.

ஊர் சிரிக்கத் தொடங்கியதும் கட்டடச் சொந்தக்காரர் அரூஸ் ஹாஜியார் எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டார்.

"ஏன்டா லெட்சுமணா, இப்புடி ஒன்னு ஈந்தா கேக்கிறதில்லயா? வாய் இல்லயா ஒனக்கு?"

"கேட்டேனுங்க மொதலாளி. முஹைதீன் நானாகிட்டதான் கேட்டேன்."

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

"அப்புடி யாரும் வரல்ல" என்றேன்.

மூன்று சொல். சஞ்சிகைக்காரர் கேட்ட இரண்டாயிரத்தில் மற்றதெல்லாம் இதன் மேல் பூசிய பூச்சு.

7

ஆகவே திட்டம் போட்டேன். ஒரு கதவு பிழையா சரியா என்பதை எப்படித் தீர்மானிப்பது? அதன் வழியாக யாராவது நுழைந்தார்களா என்று பார்த்துத்தான். முப்பத்தெட்டு வருடமாக யாரும் நுழையவில்லை, ஆகவே பிழை. நான் வெளியே இருந்து ஏறி, அதன் வழியாக உள்ளே போய்விட்டால், அன்றிலிருந்து அது கதவு. லெட்சுமணன் சரியாகக் கட்டியவன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முப்பது அடி சுவர் ஏறினால் போதும். இந்தத் திட்டத்தின் அழகே அதுதான்.

லெட்சுமணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "போயாவண்டு காலைல அரூஸ் பில்டிங் மூணாம் மாடிக்கு வா. பச்சக் கதவுக்கிட்ட நில்லு. சும்மாதான்" என்றேன். சாவிக்கு ஹாஜியாரின் மகனிடம் சொல்லி வைத்தேன்.

பத்து மணிக்கு ஏறத் தொடங்கினேன். பீலிக்குழாயைக் குரங்குகள் சோதித்துத் தந்திருந்தன. முதல் மாடி வரை கடைப் பெயர்ப் பலகையின் எழுத்துகள் கால் வைக்க உதவின. அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். என் பிளானில் அப்படித்தான். கையை யன்னல் விளிம்புக்கு அடியில் விட்டுத் துழாவினேன். ஒரு விரல் அகலத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருந்தது. மழைநீர் விளிம்பிலிருந்து சுவருக்கு ஓடிவராமல், அங்கேயே சொட்டி விழ வெட்டுவது. நான் அதை வரையவில்லை. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. பார்க்க வந்தவர்கள் யாரும் சரி போட்டிருக்க மாட்டார்கள். லெட்சுமணன் எல்லா யன்னலுக்கும் அதை வெட்டியிருந்தான். அந்தச் சுவரில் ஈரக்கசிவு ஒன்று இல்லை. அவனுடைய பள்ளத்தைப் பிடித்துத்தான் நான் ஏறினேன்.

(இந்த இடத்தில் ஒரு உவமை எழுதி வைத்திருந்தேன். வெட்டிவிட்டேன். பள்ளம் போதும்.)

கதவுக்கு அடியில் ஒரு பாதம் வைக்கும் அளவுக்குக் கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் என் பிளானில் இல்லை. அதில் நின்று, ஒரு கையால் நிலையைப் பிடித்து, மறு கையால் தட்டினேன்.

"யாரு?" உள்ளே லெட்சுமணன் குரல்.

"நான்தான். முஹைதீன்."

"என்னாங்க நானா, படிப்பக்கம் வருவீங்கன்னு அங்கயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். எங்க இருக்கீங்க?"

"கதவுக்கு வெளிய."

உள்ளிருந்து கதவை விரலால் தட்டிப் பார்த்தான்.

"கதவுக்கு வெளிய ஒண்ணும் இல்லையே நானா. அதத்தானே நான் அப்பவே கேட்டேன்."

"இப்ப நான் ஈக்கிறேன்."

"வயசான காலத்துல இதெல்லாம் தேவைதானா? அசையாம நில்லுங்க. தொறக்கிறேன்."

தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

"தொறக்க வாணாம்! வெளிப்பக்கம் தொறக்குற கதவு. தொறந்தா நான் கீழ!"

தாழ்ப்பாள் நின்றது.

"ஆமா, வெளிப்பக்கந்தான். நாந்தானே மாட்டுனேன்" என்றான் லெட்சுமணன், நிதானமாக. "பிளான்ல வட்டம் வெளிப்பக்கமாதான் போட்டிருந்துச்சு. யாரு நானா அப்படிப் போட்டது?"

கீழே ஒழுங்கையிலிருந்து ஒரு கடைக்காரர், "ஏசி பாஸ்! அதை முடிச்சிட்டு எங்கட கடைக்கும் வாங்கோ!" என்று கத்தினார். அவருக்குப் பதில் சொல்லித் தப்பிக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும். கை வலித்தது.

"நான்தான்" என்றேன் கதவிடம். "வட்டம் போட்டது நான். நீ வந்து கேட்டது என்னட்ட. யாரும் வரல்லண்டு ஹாஜியாருக்கிட்ட செல்லினதும் நான்தான் லெட்சுமணா."

8

முடிவு ஒன்று. லெட்சுமணன் கதவை ஓரங்குலம் ஓரங்குலமாகத் திறக்கிறான். நான் கல்லின் ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து இடம் விடுகிறேன். இடைவெளியால் அவன் கை வருகிறது, சீமெந்து தின்ற கை. இழுத்துக்கொள்கிறான். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் ஆள் அந்தக் கதவால் நுழைகிறான். கீழே ஒழுங்கை முழுவதும் கை தட்டுகிறது.

றமீஸா இதை வாசித்தாள். "கை தட்டினாங்களாம். போயாவுக்குக் கடையெல்லாம் பூட்டு. ஆரு தட்டின, கொரங்கா? அதோட, கட பூட்டியிருந்தா அந்த மனிசன் எந்தக் கடைக்கு ஏசி பாக்கக் கூப்பிட்டான்?"

முடிவு ஒன்றை வெட்டுகிறேன். கடைக்காரரை வெட்ட மனமில்லை. அவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

முடிவு இரண்டு. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமணன் சொல்கிறான்: "தெரியும் நானா. பிளானோட மூலையில வரைஞ்ச ஆளோட பேரு இருந்துச்சே. எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் நான் மூலையக் காட்டல."

இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் இட்டுக்கட்டியதிலேயே இது ஒன்றுதான் நடந்திருக்கக் கூடியது. மூலையில் என் பெயர் இருந்தது மெய்.

முடிவு மூன்று. லெட்சுமணன் தாழ்ப்பாளை மறுபடி போடுகிறான். படிகளில் அவன் இறங்கும் சத்தம் கேட்கிறது, ஒரு மாடி, இரண்டு மாடி. நான் ஒரு பாதக் கல்லில், ஹந்தானைக்கு முதுகைக் காட்டி, நான் வரைந்த கதவைப் பார்த்தபடி, இன்னும்...

இதை முடிக்க எனக்குத் தெரியவில்லை. எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஒன்று தோன்றினால் சஞ்சிகைக்காரருக்கு எழுதிப் போடுங்கள். வட்டத்தை மட்டும் உட்பக்கம் வளைத்துவிடாதீர்கள். வளைத்தால் நான் ஒன்றும் சொல்லாமலே உள்ளே போய்விடுவேன்.

றமீஸா கடைசித் தாளையும் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கத நல்லா ஈக்கி. செவரு, கொரங்கு, பிளேன்டீ, எல்லாம் சரி. அந்த மனிசன்ட்ட போய்ச் செல்லினீங்களா இல்லயா?"

9

ஹந்தானை பஸ் எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். லெட்சுமணன் வீட்டுக்கு இருபது நிமிடம். நான் இன்னும் அதில் ஏறவில்லை.